பொழுதானால் மறந்துபோகும் கணினிகள்

நாற்பத்தெட்டு வயதில் உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்பேன். முழு ஞாயிற்றுக்கிழமை. போன் அடிக்காத, ‘சார், சிஸ்டம் ஓப்பன் ஆகமாட்டேங்குதுங்க’ என்று யாரும் சொல்லாத ஒரு நாள். இதைப் பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஆசைக்காக ஒருவருடைய பதினோரு வருடத்தை அழித்தேன் என்பதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

துடியலூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, டைப் செய்து, மருத்துவ அறிக்கையாகத் திருப்பி அனுப்புவார்கள். இப்போது அதில் பெரும்பகுதியை மென்பொருளே கேட்டு எழுதிவிடுகிறது. மென்பொருளுக்குப் பிடிபடாத டாக்டர்கள்தான் மனிதர்களிடம் வருகிறார்கள். சொல்லைப் பாதியில் விழுங்குகிறவர்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் இருமுகிறவர்கள், காரை ஓட்டிக்கொண்டே நோயாளியின் குடலைப் பற்றிப் பேசுகிறவர்கள்.

எங்கள் ஆட்களின் மேசையில் இருப்பது உண்மையில் கணினியே அல்ல. ஒரு திரை, ஒரு கீபோர்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். கணினிகள் எல்லாம் மாடியில் ஏசி அறையிலுள்ள சர்வருக்குள் இருக்கின்றன. அங்கே நூற்று நாற்பது பேருக்கும் நூற்று நாற்பது கணினிகள், கையால் தொட முடியாதவை. முதலில் ஒரு மாதிரிக் கணினியைத் தயார் செய்து, அதை நூற்று நாற்பது தடவை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். இதற்கு முழு நகல் என்று பெயர். ஒவ்வொன்றும் தனித்தனி, முழுசு. இடம் தின்னும். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளை நூற்று நாற்பதிலும் தனித்தனியாகப் போட வேண்டும். எல்லாரும் வேலையில் இருக்கும்போது போட முடியாது. எப்போது போடுவது என்று கேட்கத் தேவையில்லை, என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் போயின.

போன வருடம் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையான மனிதர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எதையும் சட்டென்று முடிவு செய்தும் பார்த்ததில்லை.

“இன்னும் ஸ்டோரேஜ் வாங்கோணுங்களா? இல்ல வேற வழி இருக்குதுங்களா? ஒரே பக்கத்துல எழுதிக் குடுத்துபோடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துக்கலாம்” என்றார்.

வேறு வழி இருந்தது. அதற்கு இணைப்பு நகல் என்று பெயர். ஒரே ஒரு தாய்க் கணினி இருக்கும், நூற்று நாற்பதும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தனியாக அவற்றுக்கு என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. தாய்க் கணினியில் ஒரு தடவை அப்டேட் போட்டால் எல்லாருக்கும் போட்டது மாதிரி. சாயங்காலம் ஆள் வெளியேறியதும் அவருடைய கணினி பழையபடி துடைத்த மாதிரி ஆகிவிடும். காலையில் வந்தால் தாய்க் கணினியின் புத்தம்புது நகல். மேனேஜருக்குப் புரிய வேண்டும் என்று, முழு நகல் என்பது சொந்த வீடு, இணைப்பு நகல் என்பது காந்திபுரத்து லாட்ஜ் ரூம் என்று எழுதினேன். லாட்ஜில் நாம் வெளியே வந்ததும் பெட்ஷீட்டை மாற்றிவிடுவார்கள், நாம் இருந்த சுவடே இருக்காது. எழுதும்போது எனக்கே அது நன்றாக இருந்தது. லாட்ஜில் யாரும் பதினோரு வருடம் குடியிருப்பதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

டாக்குமென்ட் ஃபோல்டரில் இருப்பவை வேறொரு சர்வரில் சேமிக்கப்படுவதால் அவை பத்திரம். பயம் எல்லாம் கணினிக்குள்ளேயே யாராவது சொந்தமாக எதையாவது வைத்திருந்தால்தான். அப்படி வைத்திருந்தால் அவருக்கு முழு நகலே தொடரலாம், பத்துப் பதினைந்து பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது. ஆகவே கையில் ஒரு படிவத்தோடு மேசை மேசையாகப் போனேன். கேள்வி ஒன்றே ஒன்று. “உங்க சிஸ்டத்துக்குள்ள சொந்தமா ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

இரண்டு மத்தியானங்கள் நடந்தேன். நூற்று நாற்பது பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “ஒண்ணுமில்லீங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சிலர் எழுந்து நின்று சொன்னார்கள். நோயாளிகளின் விவரம் புழங்கும் இடம் என்பதால் கணினியில் யாரும் சொந்தமாக எதையும் வைக்கக் கூடாது என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியவனும் நான்தான். ஒட்டியவனே படிவத்தோடு வந்து கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? ஆனால் எனக்கு அன்று ஒவ்வொரு ‘ஒண்ணுமில்லீங்க’வும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அடி பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அதனால் அதை யோசிக்கும் ஆசையே எனக்கு இல்லை.

ஜன்னலோரக் கடைசி வரிசையில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அந்த நிறுவனத்தில் நானும் அவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். காந்திபுரத்தில் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து பதினோரு வருடம் வந்திருக்கிறோம். கடினமான டாக்டர்களை எல்லாம் அவருக்குத்தான் கொடுப்பார்கள். நான்கு வருடமாக வலது மணிக்கட்டில் நரம்பு வலி. கருப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் டைப் செய்வார். அந்தக் கையோடு அவர் எப்படி மாதா மாதம் வரிக்கணக்கை எட்டுகிறார் என்று புதிதாக வருகிறவர்கள் வியப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வரி டைப் செய்ய வேண்டும் என்று கணக்கு உண்டு. மாத சராசரி குறைந்தால் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அறிக்கையில் நோயாளி பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்க்கிற வேலை.

அவர் எட்டிய வழி எனக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் இங்கே விஷயம். அவர் மூன்று எழுத்துத் தட்டினால் ஒரு முழு வாக்கியம் திரையில் வந்து விழும். ‘நோயாளிக்கு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லை’ என்ற நீள ஆங்கில வாக்கியத்துக்கு மூன்றே எழுத்து. ஒவ்வொரு டாக்டருக்கும் தனித்தனியாக, அவரவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களுக்கெல்லாம் சுருக்கங்கள். சேர்ந்த முதல் வருடம் அந்தச் சின்ன மென்பொருளை அவருக்குப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். பிறகு அவர் ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு சுருக்கம் சேர்த்துச் சேர்த்து, பட்டியல் சில ஆயிரமாக வளர்ந்திருந்தது. அந்தப் பட்டியல் இருக்கும்வரை அந்த ஜன்னலோர நாற்காலி அவருக்கு இருக்கும். அது டாக்குமென்ட் ஃபோல்டரில் இல்லை. கணினிக்குள், மென்பொருளின் சொந்த ஃபோல்டரில் இருந்தது.

படிவத்தோடு நான் அவரிடம் போனபோது நாலு மணி. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டினார். வீட்டில் எண்ணெயில் சுட்ட வெல்லப் பலகாரம், கச்சாயம்.

“எடுத்துக்குங்க தம்பி.”

“வேண்டாமுங்க அக்கா.”

“ஒண்ணு எடுங்க.”

“இப்பத்தானுங்க டீ குடிச்சேன்.”

“அட எடுங்கன்னா. நான் என்ன, உங்களுக்குக் குடுக்காம ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவேனா?”

எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இது இப்படித்தான். முதல் தடவை கேட்டதும் கையை நீட்டுகிறவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது வணக்கம் சொல்வது மாதிரி, அதற்கு அர்த்தம் கிடையாது. இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது தடவை கேட்டதற்குச் சொல்வதுதான் பதில். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நான் இந்த ஊர்க்காரன்.

வாயில் கச்சாயத்தோடு கேட்டேன். “ஏனுங்கக்கா, சிஸ்டத்துல சொந்தமா ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“ஒண்ணுமில்லீங்க தம்பி” என்றார்.

‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

அடுத்த வாரம் பழைய முழு நகல்களை அழித்தேன். இதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழுத்தினால், உறுதியாகத்தானா என்று கணினி கேட்கும். அதுவும் ஒரே தடவைதான் கேட்கும். ஆமாம் என்றேன். காலியான இடத்தில் புது நகல்களை நிறுத்தினேன். திங்கட்கிழமை காலை எல்லாரும் வந்தார்கள், எல்லாருக்கும் கணினி திறந்தது, ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. மேனேஜர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்த மாதத்து அப்டேட் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அதுவும் ஒரு புதன்கிழமை, டீ நேரத்தில். அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை தூங்கினேன். எழுந்து நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, மறுபடி தூங்கினேன். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது உண்மை.

ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் கவனித்தேன். பஸ்ஸில் அக்கா வருவதில்லை. இரண்டு நாள் பார்த்தேன். அலுவலகத்தில் அவர் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்தால் சிரித்தார். வீட்டில் யாராவது வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். காலியான பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு சாய்பாபா காலனியிலிருந்து துடியலூர்வரை தூங்கினேன். கேட்கவில்லை. நான் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் ஏசி அறையில் பேட்டரி மாற்ற ஆள் வந்ததால் ஒருநாள் ஆறே முக்காலுக்கே போக வேண்டியிருந்தது. ஷிப்ட் ஆரம்பம் எட்டரைக்கு. மாடிக்குப் போகிற வழியில், இருட்டான பெரிய அறையில் ஜன்னலோரத்தில் ஒரே ஒரு திரை எரிந்துகொண்டிருந்தது. விளக்குப் போடாமல் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. நோட்டைப் பார்ப்பார், டைப் செய்வார், நோட்டைப் பார்ப்பார், டைப் செய்வார். ஹெட்போன் மேசைமேல் கிடந்தது.

பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் திரை தெரிந்தது. சுருக்கங்கள். இடது பக்கம் மூன்று எழுத்து, வலது பக்கம் முழு வாக்கியம். தாய்க் கணினியில் இருந்த அதே மென்பொருளின் காலிப் பட்டியலில் ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னுங்கக்கா பண்றீங்க?”

திடுக்கிட்டு எழுந்தார். “ஒண்ணுமில்லீங்க தம்பி.”

“இத ஏனுங்க இப்ப அடிக்கறீங்க?”

“சும்மாதானுங்க.”

நான் போகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “சொல்லுங்கக்கா.”

அவர் மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்தி மறுபடி கட்டினார். “புது மெஷினு பொழுதானா எல்லாத்தையும் மறந்துபோயிருதுங்க தம்பி. அதான் வெடியால நேரமே வந்து, நாவகம் இருக்கறத மட்டும் போட்டு வெச்சுக்கறேனுங்க. ஒரு முந்நூறு வரைக்கும் போட்டா அன்னைக்குப் பொழுது ஓடிரும்.”

“தினமுமா?”

“தினமுந்தானுங்க.”

மூன்று வாரம். ஒவ்வொரு காலையும் அந்தக் கையால் முந்நூறு வாக்கியம் போட்டிருக்கிறார். ஒவ்வொரு சாயங்காலமும் நான் அவற்றைத் துடைத்திருக்கிறேன். அவர் கிளம்பியதும் அரை நிமிடத்தில் அவை காணாமல் போகும்படி, மிகவும் சரியாக, நான் அமைத்து வைத்திருந்தேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தப்பு நம்முடையது என்று தெரியும்போதுதான் எனக்கு இந்தக் குரல் வரும்.

“நீங்களே ஞாயித்துக்கெழமகூட ஊட்டுல இருக்காம அலஞ்சுட்டு இருந்தீங்க. இப்பத்தான் மொகத்துல கொஞ்சம் தெளிச்சி வந்திருக்குது. இதச் சொன்னா மறுக்கா உங்களுக்குத்தானுங்களே வேல” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏசி அறைக்குப் போய், பேட்டரிக்காரரைக் காக்க வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் ஒரு முழு நகல் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஆனது. அன்று காலை அவர் போட்டிருந்த முந்நூறையும் அதில் ஏற்றினேன். “இனி அழியாதுங்கக்கா, நாளைக்கு அடிக்கவேண்டாம்” என்றேன். “ரொம்ப நன்றிங்க தம்பி, உங்களுக்குத்தான் வீண் சிரமம்” என்றார்.

பழைய பட்டியலைத் தேடினேன். இரண்டு நாள் தேடினேன். பேக்கப்பில் இல்லை, கணினிகளுக்குள் இருப்பதை நாங்கள் பேக்கப் எடுப்பதில்லை. அழித்த இடத்தின் மேலேயே புது நகல்கள் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நோட்டில் இருந்தது அவர் நினைவிலிருந்து எழுதியது மட்டும்தான். மிச்சம் சில ஆயிரம் அவர் தலையிலும் இல்லை. விரலில் இருந்திருக்கும், அந்த டாக்டரின் குரல் காதில் விழும்போது தானாக வந்திருக்கும். தட்டினால் வெறும் மூன்று எழுத்துதான் திரையில் நிற்கும், பின்னால் வாக்கியம் இல்லை.

மாதக் கடைசியில் வரிக்கணக்கு வந்தது. ஜன்னலோர நாற்காலிக்காரர் பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அளவுக்குக் கீழே இருந்தார். கீழ்த்தளத்துக்கு மாற்றம் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். நான் மேனேஜரிடம் போனேன்.

“தப்பு என்னோடதுங்க. அவங்க பட்டியல அழிச்சது நானு. கொஞ்சம் டைம் குடுத்தாப் பழையபடி சேத்திருவாங்க.”

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து என் படிவத்தை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இதுல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குதுங்களே.”

என் கையெழுத்துதான். பக்கத்தில் எண்ணெய்க் கறை, கச்சாயம் தின்ற விரல் பட்டது.

“அவங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க” என்றேன்.

“அது எப்படிங்க? கேட்டதுக்கு இல்லைன்னாங்க, இல்லைன்னு எழுதிட்டீங்க. இதுல உங்க தப்பு என்னுங்க இருக்குது?” என்றார். நிஜமாகவே என்னைச் சமாதானப்படுத்துகிற குரல். மறுநாளும் போனேன். ‘பாக்கலாமுங்க’ என்றார். அதற்கடுத்த நாளும் போனேன். மூன்றாவது தடவை கேட்டதற்கு உண்மையான பதில் வந்தது. “கையையும் பாக்கோணுமில்லீங்க? கீழ அவங்களுக்கு ரெஸ்ட்டா இருக்கும், உடுங்க.”

அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மையாகக்கூட இருக்கலாம். அக்காவைக் கேட்டேன். “ஆமாங்க தம்பி, கீழயும் நல்லாத்தான் இருக்குது” என்றார். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லை. ஹெட்போன் தேவையில்லை, சுருக்கம் தேவையில்லை. பெயர் சரியா, தேதி சரியா, அடுத்தது. அவருக்காகப் போட்ட முழு நகல் மாடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைத் திறப்பதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாக மாதாந்திர அறிக்கையில் அது தனியாகத் தெரியும். அழிக்க எனக்குக் கை வரவில்லை.

கீழ்த்தளத்துக்குப் போன பிறகு அக்கா பழைய பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். சீக்கிரம் வர வேண்டிய அவசியம் இப்போது இல்லையே. முதல் நாள் அவரைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம். அவர் மகளுக்குப் பார்த்திருக்கும் வரன் பற்றிப் பேசினோம். பழையபடி எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

கவுண்டம்பாளையம் தாண்டியதும் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். இடது கையால் திறந்தார், வலது கையில் இன்னும் பட்டை இருந்தது. உள்ளே கடலை உருண்டை.

“எடுத்துக்குங்க தம்பி.”

“வேண்டாமுங்க அக்கா” என்றேன். நாற்பத்தெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சரிங்க” என்று டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. துடியலூர் வரும்வரை இன்னொரு தடவை கேட்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.